2 லிட்டர் ஆக்கினால் கொண்டை ஊசியில் இழுக்குமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அப்பா 2004-ல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டி.டி.ஐ இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. அப்பா இப்போது ஓட்டுவதில்லை, நான்தான் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஐந்து பேரோடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. மிதித்தால் கரும்புகை. வளைவு தாண்டிக் கொஞ்ச தூரம் போனபின் இழுக்கிறது, ஆனால் முன்பிருந்த இழுவை இல்லை. ஆயில் குறைவதில்லை. காலைக் குளிரிலும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. இங்கே கோத்தகிரியில் ஒரு மெக்கானிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு) பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் 21, 21.5, 20.5, 21 பார் வந்தது. "புது எஞ்சினுக்கு 25-க்கு மேல் இருக்கணும், உன் வண்டிக்கு எஞ்சின் வேலை வந்துடுச்சு" என்கிறார். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, 81 மில்லிமீட்டருக்கு எடுத்துப் பெரிய பிஸ்டன் போட்டால் 1896 சிசி எஞ்சின் 1968 சிசி ஆகிவிடும், அப்புறம் மலையில் பிரச்சினையே இருக்காது என்கிறார்கள். எஸ்டிமேட் 1,80,000 ரூபாய். ஆர்.சி 2029 வரை புதுப்பித்தாயிற்று. செய்யலாமா?

பதில்: தம்பி, வணக்கம்.

போரைப் பெரிசாக்க வேண்டாம். அதைவிட முக்கியம், எஞ்சினைப் பிரிக்கவே இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது தேய்ந்துபோன எஞ்சினாகத் தெரியவில்லை. அப்பா அதை நன்றாக வைத்திருந்திருக்கிறார். எஞ்சினுக்குப் போய்ச் சேர வேண்டிய காற்று வழியில் எங்கோ தொலைகிறது என்பதுதான் என் சந்தேகம்.

கம்ப்ரஷன் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அந்த 1,80,000 ரூபாயும் உங்கள் மெக்கானிக் எழுதித் தந்த நான்கு எண்களின் மேல்தான் நிற்கிறது. இந்த 1.9 டி.டி.ஐ எஞ்சினுக்குச் சர்வீஸ் மேனுவல் சொல்வது இது: புதிதாக இருக்கும்போது 25 முதல் 31 பார், தேய்மான எல்லை 19 பார், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் அதிகபட்சம் 5 பார். உங்கள் மெக்கானிக் சொன்ன 25 சரியான எண்தான். ஆனால் அது சமவெளிக் காற்றுக்கான எண். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 மில்லிபார். கோத்தகிரி கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரம், அங்கே அழுத்தம் சுமார் 815 மில்லிபார்தான். பிஸ்டன் அழுத்தத் தொடங்கும்போதே சிலிண்டருக்குள் இருக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தொடக்கம் குறைந்தால் முடிவும் அதே விகிதத்தில் குறையும். உங்கள் 21 பாரைக் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் 26 பக்கம் வருகிறது. புது எஞ்சினுக்குச் சொன்ன எல்லைக்குள்ளேயே அது வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 1 பார்தான் வித்தியாசம். ரிங் தேய்ந்த எஞ்சினிலும் வால்வு சரியாக உட்காராத எஞ்சினிலும் நான்கும் இப்படி ஒரே அளவில் வருவது அபூர்வம். ஆயில் குறையவில்லை, நீலப்புகையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, மலைக் குளிரில் ஒரே செல்ஃபில் எழுகிறது. எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது.

நம்ப மனம் வரவில்லை என்றால் மேட்டுப்பாளையம் இறங்கும்போது அங்கே ஒரு முறை கம்ப்ரஷன் பாருங்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர்தான். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும். 25-ஐ ஒட்டி வந்தால் எஞ்சின் வேலை என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் எடுத்த அளவைச் சமவெளி எண்ணோடு ஒப்பிட்டு நல்ல டீசல் எஞ்சினைப் பிரித்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் பூட்டிய எஞ்சினை ஒரு முறை திறந்துவிட்டால், அதே சுத்தத்தோடும் அதே அளவோடும் மறுபடி பூட்ட எல்லா இடத்திலும் ஆள் கிடையாது.

சரி, எஞ்சின் நன்றாக இருந்தால் வண்டி ஏன் உட்காருகிறது?

கரும்புகைதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உதவிய தகவல். டீசல் எஞ்சினில் கரும்புகை என்றால் உள்ளே போன டீசலுக்குப் போதுமான காற்று இல்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் ஏர் ஃபில்டரை ஒட்டி ஒரு ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று அது அளந்து சொல்ல, அதற்கேற்ற டீசலை இ.சி.யூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், விடுகிறது. அந்தச் சென்சாரே கெட்டுப்போய்க் குறைத்துச் சொன்னால் இ.சி.யூ டீசலையும் குறைத்துவிடும். அப்போது வண்டி இழுக்காது, ஆனால் புகையும் அவ்வளவாக இருக்காது. உங்கள் வண்டியில் இழுவையும் இல்லை, புகையும் வருகிறது. அப்படியானால் சென்சார் அளந்த காற்று, அளந்த பிறகு எங்கோ வெளியே போகிறது. காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களில் ஒன்று வெடித்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டு, நல்ல காற்று போக வேண்டிய இடத்தில் எரிந்த புகையை அனுப்பிக்கொண்டிருக்கலாம். இருபது வயது தாண்டிய ரப்பர், மேட்டுப்பாளையத்தில் வெயில், மேலே ஏறினால் மேகமும் குளிரும். ஹோஸ் விரிவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இனி போரைப் பெரிசாக்கினால் கூடும் அந்த 72 சிசி விஷயத்துக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன அளவில் தப்பில்லை. உங்கள் எஞ்சினின் போர் 79.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 95.5. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் 81 ஆக்கினால் 1968 சிசி. ஃபோக்ஸ்வேகன் குழுமம் பிறகு விற்ற 2.0 டி.டி.ஐ எஞ்சினின் அளவும் இதேதான். அதனால்தான் இந்த யோசனை உலகம் முழுக்க இந்த எஞ்சின் வைத்திருப்பவர்கள் மத்தியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்கும்போது ஆசையாகவும் இருக்கிறது, வண்டிமேல் பிரியம் உள்ளவர்களுக்கு அந்த ஆசை வருவதில் தப்பும் இல்லை.

ஆனால் 1896-லிருந்து 1968 என்பது 3.8 சதவீதம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வருவதற்குள் காற்றழுத்தம் 16 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஊட்டி வரை போனால், அது 2240 மீட்டர், 20 சதவீதத்துக்கு மேல் போய்விடும். டர்போ வேலை செய்யத் தொடங்காத குறைந்த வேகத்தில் உங்கள் எஞ்சினும் டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் மாதிரிதான் நடந்துகொள்ளும். வெளியில் என்ன காற்று இருக்கிறதோ அதை மட்டும் இழுக்கும். அந்த நிலையில் 72 சிசி கூடுதலாக எவ்வளவு காற்றைக் கொண்டுவரும் தெரியுமா? கோத்தகிரியிலிருந்து வண்டியை 300 மீட்டர் சொச்சம் கீழே இறக்கி ஓட்டினால் எவ்வளவு கூடுதல் காற்று கிடைக்குமோ, அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் சில கிலோமீட்டர் போனாலே அந்த இறக்கம் வந்துவிடும். அந்த இடத்தில் உங்கள் வண்டி இப்போது எப்படி இழுக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். 1,80,000 ரூபாய் கொட்டினால் கோத்தகிரியில் கிடைக்கப்போவது அந்த வித்தியாசம்.

டர்போ எழுந்த பிறகு கணக்கே வேறு. அதற்கப்புறம் சிலிண்டருக்குள் போகும் காற்றைத் தீர்மானிப்பது டர்போ தரும் அழுத்தம். உதாரணத்துக்கு மொத்தம் 1.9 பார் அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் டர்போ வெளிக்காற்றை 1.9 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 1.9 பாருக்கு ஏறத்தாழ 2.5 மடங்கு அழுத்த வேண்டும். மலை ஏற ஏற டர்போ அதிக வேகத்தில் சுற்றித்தான் அதே வேலையைச் செய்கிறது. எஞ்சினைப் பெரிசாக்கிவிட்டு டர்போவை அப்படியே விட்டால், ஏற்கனவே மலையில் பாடுபடும் டர்போவின் தலையில் இன்னும் கொஞ்சம் வேலையைக் கட்டுகிறோம்.

அப்புறம், பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. டீசல் எஞ்சினில் சக்தியைத் தருவது எரியும் டீசலின் அளவு. எவ்வளவு டீசல் என்று முடிவு செய்வது இ.சி.யூ. போரை எடுத்துவிட்டு இ.சி.யூ-வைத் தொடாமல் விட்டால், டர்போ எழுந்த நிலையில் பழைய டீசல், பழைய சக்தி. புகை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். சக்தி கூட வேண்டுமானால் ரீமேப் பண்ண வேண்டும், அதாவது இ.சி.யூ-வில் உள்ள டீசல் கணக்கை மாற்றி எழுத வேண்டும். அந்த ரீமேப்பை 1896 சிசி-யிலேயே பண்ணலாமே, எதற்கு போர்?

இதற்குச் சாட்சி அந்தக் கம்பெனியிடமே இருக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது 90 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க். இதே 1896 சிசி-யில் ஃபோக்ஸ்வேகன் குழுமம் 110 குதிரைத்திறன் எஞ்சினும் விற்றது. பிறகு சிலிண்டருக்கு ஒரு பம்ப்-இன்ஜெக்டர் முறைக்கு மாறி 100, 115, 130, கடைசியில் 150 குதிரைத்திறன் வரை கொண்டுபோனது. அந்த 150 எஞ்சினின் டார்க் 320 நியூட்டன் மீட்டர். போர் அதே 79.5, ஸ்ட்ரோக் அதே 95.5. மாறியது டீசல் செலுத்தும் முறை, டர்போ, இன்டர்கூலர், பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் பலம். 90-லிருந்து 150 வரை போவதற்கு அந்த இன்ஜினியர்களுக்கு ஒரு சிசி கூடத் தேவைப்படவில்லை. இந்த எஞ்சினை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நீங்கள் 150 குதிரைத்திறனைத் தேட வேண்டியதும் இல்லை. ஐந்து பேரும் சாமானும் சேர்த்து வண்டி 1700 கிலோ என்று வைப்போம். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து ஏறும் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. அதே சரிவில் உங்கள் காரை மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற்றச் சக்கரத்தில் சுமார் 20 குதிரைத்திறன் போதும். உங்கள் எஞ்சினில் இருப்பது 90. மலைக்கு இழுக்கச் சக்தி இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. வளைவில் வேகம் குறைந்து எஞ்சின் சுழற்சி கீழே விழுந்த அந்தச் சில நொடிகளில், டர்போ எழுவதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை.

அதற்கு ஒரு சின்ன சோதனை இருக்கிறது, காசே வேண்டாம். அடுத்த முறை ஏறும்போது பக்கத்தில் இருப்பவரை ஆர்.பி.எம் மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டியின் கியர்கள் ஐரோப்பிய நெடுஞ்சாலைக்கு வைத்த நீளமான கியர்கள். செகண்ட் கியரில் மணிக்கு 20 கிலோமீட்டரில் வளைவில் திரும்பினால் மீட்டர் 1200, 1300 பக்கம் நிற்கும். இந்த எஞ்சின் முழு டார்க்கைத் தருவது 1900-ல். 1200-ல் டர்போவிடமிருந்து பெரிதாக எதுவும் வராது. அங்கே முழுக்க மிதித்தால் நல்ல ஆரோக்கியமான வண்டி கூடக் கொஞ்சம் திணறத்தான் செய்யும். அதே 20-ல் ஃபர்ஸ்ட் கியரில் இருந்தால் மீட்டர் 2000-க்கு மேல் நிற்கும், டர்போ தயாராக இருக்கும். ஆளும் சாமானும் நிறைந்திருக்கும்போது இறுக்கமான வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஃபர்ஸ்ட் போட்டுத் திரும்புங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, லாரிக்காரர்கள் அப்படித்தான் ஏறுகிறார்கள். மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அதை நம்பி நின்று நிதானமாகவே ஏறலாம். ஏ.சி போட்டிருந்தால் வளைவுகள் நிறைந்த பகுதியில் அணைத்துவிடுங்கள். வழியில் வரும் குஞ்சப்பனையைத் தாண்டிவிட்டால் ஏ.சி எதற்கு?

நீங்கள் "முன்பிருந்த இழுவை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் கியர் மட்டும் காரணம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், இந்த வரிசையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதும் டீசல் ஃபில்டரை மாற்றுவதும் எப்படியும் செய்ய வேண்டியவை. அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பிறகு டர்போவிலிருந்து மேனிஃபோல்டு வரை ஒவ்வொரு ஹோஸையும் கழற்றி, மடக்கிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். அடிப்பக்கத்திலும் கிளிப் உட்காரும் இடத்திலும் விரிசல் ஒளிந்திருக்கும். கறுப்பாக ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அங்கேதான் காற்றும் கசிகிறது. குறைந்த அழுத்தத்தில் காற்றை அடைத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் எந்தக் கசிவும் மறைந்திருக்க முடியாது. அதே கையோடு வேக்குவம் குழாய்களையும் பாருங்கள். பென்சிலைவிட மெல்லிசாக இருக்கும் இந்தக் குழாய்கள்தான் இ.ஜி.ஆருக்கும் டர்போக் கட்டுப்பாட்டுக்கும் போகின்றன. வருஷம் போகப் போக இறுகி, மாட்டியிருக்கும் முனையில் பிளந்துவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினாலும் பெரிய செலவு ஆகாது.

அடுத்தது இன்டேக் மேனிஃபோல்டு. இ.ஜி.ஆர் வழியாக வரும் கரியும் எஞ்சின் விடும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி உள்ளே படியும். இந்த எஞ்சினில் இது பேர்போன தொல்லை. தோட்டத்துக்கும் டவுனுக்கும் சின்னச் சின்னத் தூரம், எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் அணைப்பது, குறைந்த ஆர்.பி.எம்-லேயே ஓட்டுவது என்று மலையில் நாம் ஓட்டும் விதம் இதை இன்னும் வேகமாக்கும். கழற்றிப் பார்த்தால் காற்று போகும் வழி பாதியாகச் சுருங்கியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சுரண்டிச் சுத்தம் செய்து, இ.ஜி.ஆர் வால்வு முழுக்க மூடுகிறதா என்று பார்த்துத் திருப்பிப் பூட்ட வேண்டும். ஒரு நாள் வேலை. சுத்தம் செய்யும்போது ஒரு துண்டுக் கரி கூட ஹெட்டுக்குள் விழக்கூடாது, இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் ஸ்கேனர் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளுக்கான ஸ்கேனரில் மெஷரிங் பிளாக் 003-ல் காற்றின் அளவும், 011-ல் டர்போ அழுத்தமும் வரும். இ.சி.யூ கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். தேர்ட் கியரில் 1500-லிருந்து முழுக்க மிதித்து 3500 வரை ஒரு ஏற்றத்தில் போக வேண்டும். ஒருவர் ஓட்ட இன்னொருவர் பதிவு செய்யட்டும். காலை வெளிச்சத்தில் போங்கள். குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழக் காலத்தில் யானை சாலைக்கே வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒட்டிப் போனால் டர்போவில் குறையில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்றால் டர்போக் கட்டுப்பாட்டைப் பாருங்கள், வேக்குவம் வால்வு, டர்போவின் ஆக்சுவேட்டர் என்று போய்ச் சேரலாம். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போது பார்த்துவிடலாம்.

இத்தனையும் சேர்த்தால் கூட உங்கள் எஸ்டிமேட்டில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

81 மில்லிமீட்டர் வேலையில் என்ன சிக்கல் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "செலவைப் பார்க்காமல் செய்தால் என்ன" என்று மனசு கேட்கும். இந்த பிளாக்கில் ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 88 மில்லிமீட்டர். இப்போது இரண்டு போருக்கு நடுவே 8.5 மில்லிமீட்டர் இரும்பு இருக்கிறது. 81 ஆக்கினால் 7. ஹெட் கேஸ்கட் உட்கார்ந்து அழுத்தத்தைத் தடுப்பது அந்த இடத்தில்தான். வார்ப்பு எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இருக்காது என்பதால் வெளிச்சுவரின் கனத்தை அல்ட்ராசானிக் கருவியில் அளந்த பிறகுதான் லேத்தில் ஏற்ற வேண்டும். எஸ்டிமேட்டில் அந்தச் சோதனை எழுதியிருக்கிறதா? பெரிய போருக்கு ஏற்ற கேஸ்கட் தனி. அதன் கனத்தைக் கூட பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிஸ்டன் அதைவிடச் சிக்கல். டீசல் பிஸ்டனின் தலையில் உள்ள குழிக்குள்தான் டீசல் எரிகிறது. டீசலைப் பீய்ச்சும் நாசிலில் எத்தனை துளை, எந்தக் கோணத்தில் பீய்ச்சுகிறது என்பதோடு அந்தக் குழியின் வடிவம் ஒத்துப்போக வேண்டும். உங்கள் எஞ்சினில் ரோட்டரி பம்ப், வேறு இன்ஜெக்டர். பிற்கால 2.0 எஞ்சினின் பிஸ்டன் பம்ப்-இன்ஜெக்டருக்கு வெட்டியது. அதை இங்கே போட்டு ஓட வைத்தாலும் எரிவது சரியாக இருக்காது. நீங்கள் இப்போது தொல்லைப்படும் கரும்புகையே நிரந்தரமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லை, பழைய குழியின் அளவோடேயே 81 பிஸ்டன் செய்து வாங்கினால், 19.5 ஆக இருக்கும் கம்ப்ரஷன் விகிதம் 20-ஐத் தாண்டும். ஏற்றத்தில் நீண்ட நேரம் பாரம் இழுக்கும் எஞ்சினுக்கு அது நல்லதில்லை. கோவையில் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யக்கூடிய லேத் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு கவனமும் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி-யில் சிசி எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் நம்பர் மாறாது, வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது என்று சொல்வார்கள். தெரியாமல் போகலாம். ஆனால் ஒரு விபத்து என்று வந்து, சொல்லாமல் எஞ்சினை மாற்றியது தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும். மலைச்சாலையில் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு அந்த ஆபத்தைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ரீமேப்பும் கம்பெனி அனுமதித்த மாற்றம் இல்லை, இன்ஷூரன்ஸ் கேள்வி அங்கும் உண்டு. பழைய கிளட்ச் அந்தக் கூடுதல் டார்க்கைத் தாங்குமா என்பது வேறு. இன்றைய நிலையில் அதையும் நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பணத்தில் கொஞ்சம் செலவழிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேளுங்கள். ஞாபகம் இல்லை என்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் உடனே மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்போது நிஜமாகவே எஞ்சின் வேலை வந்துவிடும்.

அப்புறம் பிரேக். நீங்கள் கடிதம் முழுக்க ஏற்றத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கவலை இறக்கத்தைப் பற்றி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1450 மீட்டர் இறங்குகிறீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நம் மலையில் ஈரத்துக்கும் குறைவில்லை. ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும், மிதித்தால் பெடல் அப்படியே கீழே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? பெட்ரோல் காரில் இருப்பதுபோல டீசல் எஞ்சினில் காற்றை மூடிப் பிடிக்கும் தகடு வேலை செய்வதில்லை, அதனால் கால் எடுத்தவுடன் எஞ்சின் பிடிப்பது குறைவாகவே இருக்கும். இறங்கும்போது செகண்டிலேயே இருங்கள், தேவைப்பட்டால் ஃபர்ஸ்ட். நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள். முன்பக்க டிஸ்க், பேட், பின்பக்க ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றையும் ஹோஸ் பார்க்கும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இழுவையைத் தின்னும்.

ஹோஸும் மேனிஃபோல்டும் முடித்துவிட்டு ஸ்கேனர் அளவுகளையும் மேட்டுப்பாளையத்தில் எடுத்த கம்ப்ரஷன் எண்களையும் எழுதி அனுப்புங்கள். அங்கே ஏதாவது ஒரு சிலிண்டர் 19-க்குக் கீழே வந்தாலோ, இரண்டுக்கு நடுவே 5 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, அப்போது பிரிக்கலாம். பிரித்த பிறகு போர் எடுத்தே ஆகவேண்டும் என்று அளவு சொன்னால் 0.25, அதுவும் போதாவிட்டால் 0.5 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கள். உங்கள் நாசிலுக்கு வெட்டிய அதே குழியோடு வரும் பிஸ்டன் அது. தேய்மானத்துக்காகச் செய்யும் பழுது வேலை, அதற்குமேல் ஒன்றும் இல்லை. 81 வேண்டாம்.